அவகிட்டச் சொல்லுங்க

எனக்கும் என் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. பேச்சு நின்றது என்றால் சத்தம் நின்றது என்று அர்த்தமில்லை. எங்கள் புதூர்ப் பக்கத்தில் கோபித்துக்கொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார்கள். முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு ஆள் வேண்டும். அப்பா இருந்தால் அப்பா. “அவளச் சாப்பிடச் சொல்லுங்க.” அப்பா வெளியே போயிருந்தால் தொழுவத்தில் கட்டியிருக்கும் ஆடு. “ஏ குட்டி, சோறு ஆறுதுன்னு உங்க அக்காகிட்டச் சொல்லு.” ஆட்டுக்குட்டி எனக்குத் தங்கச்சியானது அப்படித்தான்.

சண்டைக்குக் காரணம் என் வேலை. நான் விமானத்தில் பணிப்பெண். தாய்மாமன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். எல்லாம் சரி, பொண்ணு இந்தப் பறக்கிற வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார் மாமா. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டினாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “வேலைய விட மாட்டேன். வேணும்னா மாப்பிள்ளைய விட்டுருதேன்” என்றேன். வந்திருந்தவர்களில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் மறுத்ததைக்கூட அம்மா பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கூடப்பிறந்தவன் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று அன்றோடு என்னிடம் நேர்ப்பேச்சை நிறுத்தினாள்.

பிறகு தாம்பரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று அம்மா துணைக்கு வந்தாள். திரும்பிப் போகும்போது தீபாவளி நெருக்கம், எந்த ரயிலிலும் இடம் இல்லை. அப்பா எனக்குப் போன் பண்ணினார். நான் தூத்துக்குடி விமானத்தில் டிக்கெட் எடுத்தேன். எடுத்ததோடு நிற்கவில்லை. அந்த விமானத்தில் வேலை பார்க்க வேண்டியவளிடம் கெஞ்சி என் ட்யூட்டியை மாற்றிக்கொண்டேன். அம்மாவுக்கு முதல் வரிசையில் இடம் வாங்கினேன். இறக்கையில் காத்தாடி வைத்த சின்ன விமானம் அது. முன்பக்கத்தில் பணிப்பெண்ணுக்கு ஒரு மடக்கு இருக்கை உண்டு, பயணிகளைப் பார்த்தபடி. முதல் வரிசைக்காரர் முகமும் என் முகமும் எதிரெதிரே இருக்கும்.

அடுப்படிக்கு எழுந்து போக முடியாது. ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போக முடியாது. கதவைத் திறந்துகொண்டு யார் வீட்டுக்கும் போக முடியாது. இன்றைக்கு வகையாக மாட்டினாள், பேசித்தான் ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள். பார்க்காதவள் போல உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜன்னலோரம் கனத்த உடம்போடு ஒரு பெரியவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சோதனையில் பையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்களாம். “நானே செய்யுத தீப்பெட்டிம்மா, எங்கிட்டயே பிடுங்குதான்” என்று ஏறும்போதே என்னிடம் புலம்பினார்.

முதல் வரிசையை ஒட்டி இரண்டு பக்கமும் அவசர வழி இருக்கிறது, ஜன்னல் மாதிரி ஒரு சின்னக் கதவு. ஆபத்து என்றால் அதைத் திறந்து உதவ முடியுமா என்று அங்கே உட்காருகிறவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டுப் பதில் வாங்க வேண்டும் என்பது எங்கள் விதி. பெரியவரிடம் கேட்டேன், சரி என்றார். வலப்பக்கம் லீவில் ஊருக்குப் போகிற ராணுவ வீரர் ஒருவர், அவரும் சரி என்றார். அம்மாவிடம் கேட்டேன்.

அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். “முடியும்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “முடியுமாம்” என்றார்.

அப்படியே போயிற்று பயணம். தண்ணீர் கொண்டுபோனால், “தாகம் இல்லன்னு அவகிட்டச் சொல்லுங்க.” கடலை கொண்டுபோனால், “பல்வலின்னு சொல்லுங்க.” பெரியவருக்கு விளங்கிவிட்டது. “மகளா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “இல்லன்னு சொல்லுங்க.”

“யாருகிட்டம்மா சொல்லணும்? எங்கிட்டயேவா?” என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு நகர்ந்தேன்.

சக்கரம் இறங்குகிற சத்தம் எங்களுக்கு வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் மாதிரி. கவனிக்கவே மாட்டோம், வராவிட்டால்தான் தெரியும். அன்றைக்குத் தரை நெருங்கும்போது, முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொள்கிற அந்தக் கடைசித் தட்டல் என் காலடியில் கேட்கவில்லை. விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறியது. கொஞ்ச நேரம் சுற்றியது. திரும்பத் தாழ வந்து, விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டிப் பறந்து, மீண்டும் ஏறியது. கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்துச் சக்கரத்தின் நிலைமையைச் சொல்வதற்காக அப்படிப் பறப்பார்கள். பயணிகளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பிறகு எங்கள் போனில் அவசர மணி அடித்தது. பின்கதவருகே இருந்த என் சீனியரும் நானும் ஒரே நேரத்தில் எடுத்தோம். கேப்டன் நிதானமாகப் பேசினார். முன் சக்கரம் பாதியில் மடங்கி நிற்கிறது. தானாக இறங்கவில்லை என்றால் கையால் விடுவிக்கிற வழி ஒன்று உண்டு, அதையும் பார்த்தாயிற்று, அசையவில்லை. எரிபொருளை எரித்துக் குறைக்கக் கொஞ்ச நேரம் சுற்றுவோம். அப்புறம் பின்சக்கரங்களில் இறங்கி, மூக்கை முடிந்தமட்டும் தூக்கிப் பிடித்து, வேகம் குறைந்ததும் தரையில் விடுவோம். மூக்கு உரசும், வால் தூக்கிக்கொள்ளும். பின்கதவு உயரத்தில் நிற்கும், ஆகவே முன்வழியாகத்தான் எல்லாரையும் இறக்க வேண்டும். பாரம் பின்னால் இருப்பது நல்லது, உதவிக்கு வேண்டியவர்களை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பின்னால் அனுப்புங்கள். நான் சொல்லாமல் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது.

அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னோம். அதுவும் விதிதான்.

சீனியர் வடநாட்டுப் பெண். தமிழில் வணக்கத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. பயணிகளுக்குத் தமிழில் சொல்லும் வேலை என்னுடையது. கம்பெனி எழுதிக்கொடுத்த அறிவிப்பு ஒன்று இருக்கிறது, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பிக்கும். தலைபோகிற நேரத்தில் என்ன கனிவு? மைக்கைப் பிடித்து, “எல்லாரும் நான் சொல்லுததக் கேளுங்க. முன்சக்கரம் சரியா இறங்கல. அதோடதான் இறங்கப் போறோம். இதுக்குன்னே எங்களப் பழக்கியிருக்காவ. சொன்னபடி செஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போலாம்” என்றேன்.

ஒரே கூப்பாடு. ஒருவர் எழுந்து கதவைத் திற என்று என் முகத்துக்கு நேரே கத்தினார். வானத்தில் கதவைத் திறந்து எங்கே போவார் என்று தெரியவில்லை. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. அந்த இடுக்கான நடைபாதையில், தகர டப்பாவுக்குள் போட்டு மூடின மாதிரி, எல்லாரோடும் சேர்ந்து நானும் அடைபட்டிருந்தேன். அவர்களுக்காவது அழ முடிந்தது. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயணிகள் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள், அதனால் எங்களுக்கு அதுவும் கிடையாது. “உக்காருங்க அண்ணாச்சி, உக்காந்தாத்தான் நான் ஆகவேண்டியதப் பாக்க முடியும்” என்றேன். உட்கார்ந்தார்.

முன்வரிசைகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பின்னால் அனுப்பினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். முன்னால் பெரியவரும் ராணுவ வீரரும் மட்டும் இருந்தால் போதும். திரும்பி வந்து அம்மாவிடம், “எந்திரிம்மா, பின்னால போ” என்றேன்.

அவள் அசையவில்லை. “நான் எழும்ப மாட்டேன்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஏம்மா, இதுலகூடவா?” பெரியவர் பொறுமை இழந்துவிட்டார். “பிள்ள உன் முன்னாலதான நிக்கி! நேராச் சொல்லேன்!”

“அவ எங்கன உக்காருவான்னு கேளுங்க.”

“நான் இங்கனதான்” என்றேன். “இந்த மடக்கு சீட்டுதான் என் இடம். வேற எங்கயும் போக முடியாது.”

“அப்ப நானும் இங்கனதான்னு சொல்லுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேச மாட்டாள், ஆனால் கூடவே சாவாளாம். என்ன வீம்பு இது! கையைப் பிடித்துத் தூக்கியாவது பின்னால் அனுப்பலாம். ஆனால் முரண்டு பிடிக்கிற ஒருத்தியோடு மல்லுக்கட்ட நேரம் இல்லை, செய்ய வேண்டியது மலைபோல் கிடந்தது. அவசர வழிக்கு உதவி செய்ய ஒத்துக்கொண்டவள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். விட்டபிறகுதான் பெரிய பயம் பிடித்தது. இறங்கி நின்றதும் முதலில் வெளியே போக வேண்டியவர்கள் முன்வரிசைக்காரர்கள். கடைசியாகப் போக வேண்டியவள் நான். அம்மா எனக்காக நின்றுவிட்டால் வழி அடைபட்டுவிடும். பின்னால் இருக்கிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

குனிந்து அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். “நான் போன்னா போயிரணும். எனக்காக நிக்கக் கூடாது. சரியா?”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கரிசல்காடு சாய்ந்துகொண்டு சுற்றியது. விதைப்பு முடிந்த நேரம், மழைபட்ட மண் கன்னங்கரேலென்று கிடந்தது. தூரத்தில் குளத்தூர்ப் பக்கம் உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது.

“சரியான்னு கேக்குதேன்.”

பெரியவர்தான், “நான் பாத்துக்கிடுதேன்மா, நீ போய் மத்தவங்களப் பாரு” என்றார்.

கூர்மையான சாமான்களை எல்லாம் கழற்றச் சொல்ல வேண்டும். பேனா, கண்ணாடி, குதிகால் செருப்பு. எங்கள் பயணிகளிடம் அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு. தாலிச்சங்கிலியில் கொத்தாகத் தொங்குகிற ஊக்கு. முன்னால் குனிந்து முட்டிக்கொண்டால் கழுத்தில் ஏறும். பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் மளமளவென்று கழற்றினார்கள். அம்மா மட்டும் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். “இந்த நேரத்துல தாலியில கைவைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“தாலிய யாரும் கேக்கல, ஊக்கத்தான் கேக்குதேன்” என்று அவள் முன்னால் மண்டிபோட்டு, நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவள் தடுக்கவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு நான் அவளைத் தொட்டது அப்போதுதான். அவள் நெஞ்சு என் விரலுக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மாவுக்குப் பயம் வரும் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஊக்குகளை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தலையைக் கவிழ்த்துக் கணுக்காலைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று காட்டி, அவள் பிடரியில் கைவைத்து அழுத்தினேன். “இப்பிடியே இருக்கணும். நிமிரக் கூடாது.” என் கையை எடுக்க எனக்கே மனசில்லை.

பெரியவருக்கும் ராணுவ வீரருக்கும் அவசரக் கதவை எப்படித் திறப்பது, எப்போது திறப்பது என்று சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தேன். காத்தாடி அந்த வழிக்குக் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறது, அது நிற்காமல் வெளியே கால்வைத்தால் அவ்வளவுதான். என் உத்தரவுக்கு முன்னால் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று மறுபடி மறுபடி சொன்னேன். “தொட மாட்டேன் தாயி” என்றார் பெரியவர். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

என் இருக்கையில் உட்கார்ந்து வாரை மாட்டினேன். அந்த நேரத்தில் மனசுக்குள்ளேயே எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். எந்தக் கதவு, என்ன கத்த வேண்டும், முதலில் யார். நானும் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அம்மா வழியை மறித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் வந்து நின்றது.

கேப்டனின் குரல் வந்தது. நான் கத்த ஆரம்பித்தேன். “தலையக் குனி! குனிஞ்சே இரு! தலையக் குனி!” பயிற்சியில் என் தொண்டையைக் கேட்டு, மெதுவாகப் பேசு, இது சந்தையல்ல என்பார்கள். அன்றைக்கு அந்தத் தொண்டைதான் பின்வரிசை வரைக்கும் போனது. எல்லாத் தலையும் கவிழ்ந்தது. ஒரே ஒரு முகம் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“குனிம்மா!” என்று அலறினேன். குனிந்தாள்.

பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஒன்றும் ஆகாததுபோல ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மூக்கு இறங்கியது. என் முதுகுக்குப் பின்னால் இரும்பை உரசுகிற சத்தம், பல்லெல்லாம் கூசியது. மேலே இருந்து சாமான்கள் விழுந்தன. கருகல் நாற்றம் வந்தது. விமானம் முன்பக்கமாகச் சாய்ந்து, ஒரு இழுப்பு இழுத்து, நின்றது.

நின்றபிறகு காத்திருக்க வேண்டும், அதுதான் கொடுமை. புகை தெரிகிறது, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் காத்தாடி நின்று கேப்டன் சொல்கிறவரை யாரையும் விடக் கூடாது. ஆட்கள் எழுந்துவிட்டார்கள். “உக்காரு! எல்லாரும் உக்காரு!” என்று ஏகவசனத்தில் கத்தினேன். பெரியவர் கை கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நின்றது, தொடவில்லை. உத்தரவு வந்தது.

“தொறங்க! பெல்ட்டக் கழட்டு! பைய விடு! இங்கன வா, இங்கன வா!”

இரண்டு கதவும் பெயர்ந்து வெளியே விழுந்தன. ராணுவ வீரர் வெளியே குதித்துக் கீழே நின்று கைகொடுத்தார். இந்தப் பக்கம் பெரியவர் அந்த உடம்பை எப்படி மடக்கினாரோ, வெளியே போய்விட்டார். அடுத்து அம்மா போக வேண்டும். எழுந்தாள். வழிக்கு முன்னால் வந்தாள். நின்றுவிட்டாள்.

பின்னால் கூட்டம் முட்டிக்கொண்டு வந்தது. “போம்மா! போ!” என்றேன். அவள் பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பெரியவர் இல்லை. சொல்லச் சொல்ல ஒரு ஆள் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ வராம நான் போ மாட்டேன்” என்றாள் என்னிடம்.

எத்தனை மாதம் ஏங்கியிருப்பேன் அந்த ஒரு நேர்ப்பேச்சுக்கு! இரண்டு கையாலும் அவள் முதுகைப் பிடித்து வெளியே தள்ளினேன். பெற்றவளை ஒரு மூட்டையைத் தள்ளுகிற மாதிரி தள்ளினேன். விழுந்தாளா நின்றாளா என்று பார்க்க நேரமில்லை. அடுத்த ஆள் வந்துவிட்டார். அதற்கடுத்த ஆள். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பதமாக இறக்கினோம். பையை எடுத்துக்கொண்டு வந்த ஒருவரிடமிருந்து அதைப் பிடுங்கி இருக்கைக்குள் எறிந்தேன்.

எல்லாரும் போனபிறகு கடைசிவரை நடந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க வேண்டும். சாய்ந்து கிடந்த விமானத்தில் மேடேறுவது மாதிரி பின்னால் ஏறினேன். சீனியர் பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். புகை கண்ணைக் கரித்தது. வெளியே தீயணைப்பு வண்டியின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

“ஏட்டி! ஏட்டி, வெளிய வாட்டி! வெளிய வாட்டீ!”

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து சேர்ந்தேன். வெளியே தாண்டும்போது கதவு விளிம்பில் மாட்டித் தோளில் சட்டை கிழிந்தது.

ஓடுதளத்துக்கு அப்பால் புல்லில் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா உட்காரவில்லை. முழங்கை சிராய்த்து ரத்தம் வழிந்தது. என்னைக் கண்டதும் நேராக வந்து கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். “எவட்டி பெத்தவளப் பிடிச்சுத் தள்ளுவா? எவட்டி?” என்று கேட்டாள். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். அப்போது அழலாம், பயணிகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

அழுகை அடங்கியதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “இந்த வேலைய விட்டுரு தாயி” என்றாள். அதட்டலாக இல்லை, கெஞ்சினாள். “மாமன் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம். இத மட்டும் விட்டுரு. உன்னக் கும்பிட்டுக் கேக்குதேன்.”

அதட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். கெஞ்சினால் நான் என்ன செய்வேன்? விமானத்துக்குள்கூட அப்படி மாட்டிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் புல்லில் கால்நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் தீப்பெட்டி ஆபீஸ் பெரியவர். அவர் பக்கம் திரும்பினேன்.

“விட மாட்டேன்னு எங்கம்மாகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். “நல்ல குடும்பம்டா சாமி” என்றார்.

அம்மா என் கையை விட்டாள். மூக்கு தரையில் பதிந்து வால் தூக்கிக் கிடந்த விமானத்தைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப்பைக்குள் விரலைவிட்டுத் தன் ஊக்குகளில் ஒன்றை எடுத்தாள்.

“வேலைக்குப் போறவ சட்டைய ஒழுங்காப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க” என்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டே, என் தோளில் கிழிந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்து ஊக்கைக் குத்தினாள். தோளிலும் லேசாகக் குத்தியது. அவளுக்கு வாகாகத் தோளை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தேன்.